சர்க்கரையும் புரதமும்: மூலக்கூறுகளைக் கோக்கும் இயந்திரம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இம்மேடையில் நமக்கு முன் பேசியோர் நிறையவே எடுத்துரைத்துவிட்டனர். அதையே மீண்டும் சொல்வதினும், ஏதேனும் ஓர் அறிவுத் துறையை எடுத்துக்கொண்டு, அது முதலில் எவர் கையில் இருந்தது, எவ்வாறு பலர் கைக்கு வந்தது என்று விளக்குவது இளைஞர்க்குப் பயன்படும் என எண்ணினோம். அவ்வாறு நாம் தேர்ந்துகொண்டது வேதியியலில் ஒரு பகுதி. சர்க்கரைகளையும் புரதத் துண்டுகளையும் இயந்திரத்தின் உதவியால் ஒன்றாகக் கோத்து, மனித உடலுக்குள் வைக்கத்தக்க பொருள்களைச் செய்யும் முயற்சி அது. நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். ஆகவே வேதியியலையும் வரலாறு சொல்லும் முறையிலேயே சொல்லப் போகின்றோம்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் திண்டுக்கல்லிலும் உள்ள தோல் ஷாப்புகளில் நம் உறவினர் பலர் உழைத்திருக்கின்றனர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றீர்கள். அத்தொட்டியில் நடப்பது என்ன? பச்சைத் தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆன பின்னல். அவ்விழைகளுக்கு இடையே வழவழப்பான ஒரு பொருள் நிரம்பியிருக்கின்றது. நடுவே புரதத் தண்டும் அதிலிருந்து கிளைத்து நீளும் சர்க்கரைச் சங்கிலியுமாக அமைந்த கலப்பு மூலக்கூறு அது. சுண்ணாம்பு மயிரைக் கழற்றுவதோடு நில்லாமல் இக்கலப்புப் பொருளையும் இளக்கி வெளியேற்றுகின்றது. இழைகள் விலகி வழிவிட்ட பின்னரே கடுக்காயின் சாரமோ ஆவாரம்பட்டையின் சாரமோ குரோம் உப்போ உள்ளே புக முடியும். எஞ்சி நிற்கும் கொலாஜனிலும் சர்க்கரை உண்டு. அதன் சில கண்ணிகளில் காலக்டோசும் குளுக்கோசும் ஒட்டியிருக்கின்றன. சர்க்கரையும் புரதமும் இணைந்த பொருளை நம் முன்னோர் நாள்தோறும் கையால் தொட்டும் காலால் மிதித்தும் வேலை செய்தனர். அதன் பெயரை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

அந்தக் கொலாஜனின் வடிவத்தை உலகுக்கு விளக்கிய ஆய்வு சென்னையிலேயே நடந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்பது மூன்று இழைகள் கயிறு போல் முறுக்குண்ட அமைப்பு என 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில், கொலாஜனைக் கொண்டு புண்களை மூடும் மென்படலம் செய்யும் ஆய்வுகளும் நடந்துள்ளன. உடலுக்குள்ளோ உடலின் மேலோ வைத்தால் உடல் வெறுத்துத் தள்ளாமல் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளத்தக்க இத்தகைய பொருள்களை உயிரிப்பொருள்கள் என்கின்றனர். தீப்புண்ணுக்குப் போர்வை, முறிந்த எலும்பு வளர்வதற்கான சாரம், தேய்ந்த மூட்டுக்கு மாற்று எனப் பல வகை இதில் அடங்கும்.

இனி அந்த இரு சங்கிலிகளையும் பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் கண்ணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டது. நம் உடற்புரதங்களைக் கட்டுவதற்கு அடிப்படையானவை 20 வகைக் கண்ணிகள். சில கண்ணிகளே சேர்ந்த சிறு துண்டைப் பெப்டைடு என்பர். ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னே ஒரு கொக்கி, பின்னே ஒரு கொக்கி. இரயில் பெட்டிகள் போல ஒன்றின் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டே போகலாம்.

சர்க்கரையின் இயல்பு வேறு. குளுக்கோஸ் என்னும் ஒரு சிறு வளையத்தில் பிணைப்புக்கு இடம் கொடுக்கும் கொக்கிகள் ஐந்து. அது மட்டுமன்று, பிணைப்பு வளையத்தின் தளத்துக்கு மேலாகவும் அமையலாம், கீழாகவும் அமையலாம். ஒரே வகை அமினோ அமிலம் இரண்டை ஒரே விதமாகத்தான் பெப்டைடாகக் கோக்க முடியும். இரண்டு குளுக்கோசுகளையோ 11 விதமாகக் கோக்கலாம். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சோற்றில் உள்ள மாவுப்பொருளும் குளுக்கோஸ் சங்கிலியே. வைக்கோலில் உள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் சங்கிலியே. முன்னதில் பிணைப்பு ஆல்பா, பின்னதில் பீட்டா. அவ்வளவே. அந்த ஒரு திருப்பத்தால் ஒன்று நம் இலைக்கும் மற்றொன்று மாட்டுத் தொட்டிக்கும் போகின்றது.

இவ்விரண்டையும் இயற்கை தனித்தனியே வைத்திருக்கவில்லை. பாக்டீரியாவின் சுவரே சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு பெப்டைடுகள் குறுக்கே கட்டிய வலை. அக்குறுக்குக் கட்டைப் போடவிடாமல் தடுப்பதே பெனிசிலினின் வேலை. தென்துருவக் கடலில் நீர் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 2 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். உப்பு நீர் ஆதலால் அது உறைவதில்லை. ஆனால் மீனின் இரத்தம் அக்குளிரில் உறைந்து போக வேண்டுமே! உறைவதில்லை. காரணம், அவற்றின் இரத்தத்தில் ஓடும் ஒரு சர்க்கரைப் புரதம். அலனைன், அலனைன், திரியோனைன் என மூன்று கண்ணிகள் திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு திரியோனைனிலும் இரு சர்க்கரைகள் தொங்கும் எளிய அமைப்பு அது. பனித் துகள் வளர்வதை அது தடுக்கின்றது. ஆர்தர் டிவ்ரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1960-களில் இதனைக் கண்டறிந்தார்.

நம் இரத்தத்திலும் இதற்குச் சான்று உண்டு. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட இரத்த வகைகளின் வேறுபாடு, சிவப்பணுவின் மேற்பரப்பில் புரதத்தின் மீதும் கொழுப்பின் மீதும் நிற்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில்தான் இருக்கின்றது. நுனியில் அசிட்டைல் காலக்டோசமின் இருந்தால் ஏ. காலக்டோஸ் இருந்தால் பி. அவ்விடத்தில் இரண்டும் இல்லையேல் ஓ. உயிர் ஊசலாடும் நேரத்தில் மருத்துவர் பார்க்கும் பொருத்தங்களில் முதன்மையானது இந்த ஒற்றைச் சர்க்கரை. வேறு பொருத்தம் பார்ப்போர் இதனை எண்ணிப் பார்த்தால் நன்று.

இவ்வளவு முதன்மையான கலப்பு மூலக்கூறுகளை மனிதன் தன் கையால் செய்ய நெடுங்காலம் ஆயிற்று. இரு துறைகளுக்கும் மூதாதை ஒருவரே என்பது வியப்புக்குரியது. ஜெர்மனியின் எமில் பிஷர் சர்க்கரைகளின் அமைப்பை வரையறுத்தார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். 'பெப்டைடு' என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1907-இல் 18 அமினோ அமிலங்களைக் கொண்ட சங்கிலியைக் கட்டினார். அவருக்குப் பின் இரு துறைகளும் பிரிந்து நடந்தன. இரண்டிலும் வேலை மிகக் கடினம். ஒரு கண்ணியைச் சேர்த்ததும் முழுக் கலவையையும் பிரித்து, தூய்மை செய்து, படிகமாக்கி, அதன் பின்னரே அடுத்த கண்ணியைச் சேர்த்தல் வேண்டும். சில கண்ணிகளுக்கு மாதக் கணக்கில் ஆகும். எந்தக் கலவை எப்போது படிகமாகும் என்பது ஏட்டில் முழுதும் எழுதப்படாதது. குருவின் அருகே இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கே கைவரும். அருகே இருக்கும் வாய்ப்பு இல்லாதவருக்கு அந்தக் கதவு மூடியே கிடந்தது. இவ்வகைக் கதவுகளைப் பற்றி இந்த அவைக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

பெப்டைடுத் துறையில் அக்கதவைத் திறந்தவர் புரூஸ் மெரிபீல்டு. இவர் 1921-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். பொருளாதார மந்தக் காலத்தில் தந்தை வேலையைத் தேடி ஊர் ஊராகச் செல்ல, ஏறத்தாழ 40 பள்ளிகளில் மாறி மாறிப் படித்ததாக அவரே எழுதியிருக்கின்றார். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோர் செல்லும்போது பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி நீக்கி மீண்டும் எழுதும் ஆசிரியராகிய நமக்கு இச்செய்தி மனத்தில் பதிந்தது.

நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய அவருக்கு 1959-இல் ஓர் எண்ணம் தோன்றிற்று. பூக் கட்டுவோர் நாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். முனை நிலையாக நின்றால் கை தாராளமாக வேலை செய்யும். மெரிபீல்டு தம் சங்கிலியின் முதற் கண்ணியைப் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன, மணல் போன்ற நுண்மணிகளில் ஒட்டவைத்தார். அடுத்த கண்ணியைத் தேவைக்கு மேல் தாராளமாக ஊற்றினார். ஒட்டியது மணியில் நிற்கும். ஒட்டாத மிச்சத்தை வடிகட்டிக் கழுவிவிடலாம். படிகமாக்கும் வேலை இல்லை. வேண்டாத இடத்தில் பிணைப்பு நேராதிருக்க ஒவ்வொரு கண்ணியின் ஒரு முனைக்கும் வேதி மூடி இட்டிருப்பர். மூடியைத் திற, கண்ணியைச் சேர், கழுவு. மீண்டும் திற, சேர், கழுவு. இதுவே முழு முறையும். இறுதியில் சங்கிலியை மணியிலிருந்து வெட்டி எடுப்பர். 1963-இல் நான்கே கண்ணிகள் கொண்ட பெப்டைடைச் செய்து காட்டித் தாம் ஒருவராகவே கட்டுரை வெளியிட்டார்.

இது வேதியியல் ஆகாது, தூய்மையற்ற கலவையையே தரும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே சொல்லிவிடலாம். ஒன்றாம் வகுப்பில் 100 பிள்ளைகள் சேர்கின்றனர் என்று கொள்வோம். ஆண்டுதோறும் எஞ்சியிருப்போரில் நூற்றுக்கு ஐவர் நின்றுவிடுகின்றனர். ஐவர்தானே என்று எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. 12 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தால் இருப்பவர் 54 பேர். நூற்றுக்கு ஒருவர் மட்டுமே நின்றிருந்தால் 89 பேர் இருந்திருப்பர். சங்கிலிக்கும் இதே கணக்குத்தான். 100 படிகள் கொண்ட வேலையில் ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 99 பங்கு நிறைவேறினால் இறுதியில் முழுச் சங்கிலி 37 பங்கு கிடைக்கும். ஒவ்வொரு படியும் 95 பங்கே நிறைவேறினால் ஆயிரத்துக்கு ஆறுதான் மிஞ்சும். எனவே ஒரு படியில் நேரும் சிறு இழப்பையும் பொறுக்கக் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. வினைபொருளைத் தாராளமாக ஊற்றியும், ஒரே படியை இருமுறை செய்தும் மெரிபீல்டு அந்த இழப்பைக் குறைத்தார்.

ஒரே செயல் திரும்பத் திரும்ப வருமாயின் அதற்கு மனிதன் எதற்கு? மெரிபீல்டு தம் வீட்டின் நிலவறையில் அமர்ந்து, ஜான் ஸ்டூவர்ட் என்பவருடன் சேர்ந்து 1960-களின் நடுவில் ஓர் இயந்திரத்தைக் கட்டினார். பழைய இசைப் பெட்டியில் உருளையின் முளைகள் வரிசைப்படி சுரத்தை எழுப்புவது போல, முளைகள் பதித்த ஓர் உருளை சுழன்று எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று ஏவிற்று. 1969-இல் குட்டே என்னும் இளைஞருடன் சேர்ந்து 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியைச் செய்தார். 369 வேதி வினைகள்; 11,931 தனித்தனிச் செயல்கள். இத்தனையையும் கையால் செய்ய முனைந்தால் எவர் பொறுமை நிற்கும்? 1984-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று உலகின் பல ஆய்வகங்களில் பெப்டைடு இயந்திரம் ஒரு மூலையில் சாதாரணமாக நிற்கின்றது.

சர்க்கரைத் துறைக்கோ இந்த நற்பேறு வாய்க்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று. ஐந்து கொக்கிகளுக்கும் வெவ்வேறு மூடி வேண்டும். ஒன்றைத் திறக்கும்போது மற்றவை திறவாதிருத்தல் வேண்டும். பிணைப்பு ஆல்பாவாகவோ பீட்டாவாகவோ திட்டமிட்டபடியே அமைதல் வேண்டும். பெப்டைடுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பெப்டைடின் வரிசையை உடல் மரபணுவில் எழுதி வைத்துப் படிக்கின்றது. சர்க்கரைக்கு அத்தகைய நேரடி ஏடு கிடையாது. நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கட்டிச் செல்கின்றன. ஆகையால் ஒரே புரதத்தின் மீதே பல வகைச் சர்க்கரைக் கிளைகள் கலந்து காணப்படும். தூய ஒரு வகையைப் பிரித்தெடுப்பது அரிது.

ஜெர்மானியரான பீட்டர் சீபெர்கர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றியபோது, ஒரு பெப்டைடு இயந்திரத்தையே மாற்றியமைத்துச் சர்க்கரையைக் கோக்கச் செய்தார். 12 சர்க்கரைகள் வரை கொண்ட கிளைச் சங்கிலியைச் செய்த அந்தக் கட்டுரை 2001-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. பின்னர் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அவர் குழு இதற்கெனவே தனி இயந்திரத்தை உருவாக்கிற்று. சர்க்கரையைச் சேர்க்கும் வினை சுழிக்குக் கீழே 20, 40 டிகிரிக் குளிரிலும் நடக்க வேண்டியிருக்கும்; மூடியைத் திறக்க அறை வெப்பமோ அதற்கு மேலோ வேண்டும். ஈரம் ஒரு துளியும் ஆகாது. இயந்திரம் இந்தக் குளிரையும் சூட்டையும் மாற்றி மாற்றித் தானே நடத்துகின்றது. 2020-இல் இக்குழு 100 மன்னோஸ் சர்க்கரைகளை இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. பெருந்துண்டுகளை ஒட்டி 151 கண்ணிகள் வரையும் சென்றது.

இரண்டையும் ஒரே மணியில் கோப்பது அடுத்த நிலை. இங்கேதான் சிக்கல் முற்றுகின்றது. பெப்டைடை மணியிலிருந்து வெட்டி எடுக்கப் பலரும் வலிய அமிலத்தைப் பயன்படுத்துவர். சர்க்கரைப் பிணைப்புக்கு அமிலம் ஆகாது. சரி, காரத்தால் வெட்டலாமே எனில், செரைனிலும் திரியோனைனிலும் தொங்கும் சர்க்கரை வலிய காரத்தில் கழன்றுவிடும். ஒன்றுக்கு உணவாவது மற்றொன்றுக்கு நஞ்சு. கூட்டுக் குடும்பத்தில் இருவேறு பத்தியம் உள்ள நோயாளிகளுக்குச் சமைப்பது போன்ற நிலை. இதற்குச் சீபெர்கரும் மத்தன் ஹுரெவிச்சும் 2014-இல் ஒரு வழி காட்டினர். சங்கிலியை மணியோடு இணைக்கும் முதற் கண்ணியை ஒளிபட்டால் முறியும் பொருளால் அமைத்தனர். அமிலமும் வேண்டா, காரமும் வேண்டா. புற ஊதாக் கதிர் பட்டதும் சங்கிலி மணியை விட்டு நீங்கும். அதே மணியில் பெப்டைடுப் படிகளையும் சர்க்கரைப் படிகளையும் அடுத்தடுத்து இயந்திரமே செய்தது.

இதுவே ஒரே வழி என்று எண்ணிவிட வேண்டா. பெப்டைடின் மீது சர்க்கரையை நேரே ஏற்றுவது பெரும்பாலும் எளிதன்று. ஆகவே சர்க்கரை ஏறிய அமினோ அமிலத்தை முன்னரே தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, அதனை மற்றொரு கண்ணியாகக் கோப்பவரே மிகுதி. இன்னும் சிலர் ஒரு முனையில் அமினும் மறு முனையில் அமிலமும் உள்ள சர்க்கரையைச் செய்கின்றனர். அது சர்க்கரையாகவும் இருக்கும். அமினோ அமிலமாகவும் நடந்துகொள்ளும். பெப்டைடு இயந்திரமும் முணுமுணுக்காமல் அதனை ஏற்றுக்கொள்ளும்.

இத்தனை பாடும் எதற்காக என்று தாய்மார்கள் கேட்பீர்கள். முறையான கேள்வி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப்பின் குழு 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்வோம். எலும்பை வளரத் தூண்டும் ஒரு புரதம் மருத்துவத்தில் உண்டு. அதனை மிகுதியாக இட்டால் வீக்கம் முதலிய தீங்குகள் வரும். இக்குழுவினர் கந்தக அமிலத் தொகுதி ஏறிய ஒற்றைச் சர்க்கரையைப் பெப்டைடில் இணைத்தனர். அந்த மூலக்கூறுகள் நீரில் தாமாகவே ஒன்றுகூடி நுண்ணிழைகளாகத் திரண்டன. இழையின் மேற்பரப்பில் நிற்கும் சர்க்கரை, எலும்பு வளர்க்கும் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. எலிகளின் முதுகெலும்பில் இதனை வைத்தபோது, இழை இல்லாமல் வேண்டிய அளவில் நூறில் ஒரு பங்கு புரதமே எலும்பை வளர்க்கப் போதியதாயிற்று. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. தோலின் இழைகளுக்கிடையே இருந்து சுண்ணாம்பில் கரைந்து போகிறதே, அந்தக் கலப்புப் பொருளிலும் கந்தகம் ஏறிய சர்க்கரைதான் உள்ளது. உடலில் அது செய்யும் வேலையையே இந்தச் செயற்கை இழை சிறு அளவில் செய்து காட்டிற்று.

விலங்கிலிருந்து எடுத்தால் போதாதா என்பாரும் உளர். அதற்கு விடை 2008-இல் கிடைத்தது. இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெபரின் என்பது பன்றிக் குடலின் உட்பூச்சிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி. அவ்வாண்டு சந்தைக்கு வந்த ஹெபரினில் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளோடு, வேதி முறையில் மாற்றிய வேறொரு சர்க்கரைச் சங்கிலி கலக்கப்பட்டிருந்தது. வழக்கமான சோதனைகளில் அது பிடிபடவில்லை. அமெரிக்காவில் பலர் ஒவ்வாமைக்கு ஆளாயினர், உயிரிழந்தோரும் உண்டு. ஹெபரினின் செயலுக்குரிய ஐந்து சர்க்கரைப் பகுதியை மட்டும் ஆய்வகத்தில் கட்டி எடுத்த மருந்து 2001 முதல் வழக்கில் உள்ளது. அதில் பன்றியும் இல்லை, கலப்படத்துக்கு இடமும் மிகக் குறைவு. ஆனால் 50-க்கும் மேற்பட்ட வேதிப் படிகள் வேண்டியிருப்பதால் விலை மிகுதி. படிகளை எளிதாக்கும் இயந்திரத்தின் தேவை இங்கே விளங்கும்.

ஏழை நாடு ஒன்றின் செய்தியையும் கேளுங்கள். குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசியில், அந்தப் பாக்டீரியாவின் சர்க்கரையும் ஒரு புரதமும் இணைக்கப்பட்டிருக்கும். பிற நாடுகள் சர்க்கரையைப் பாக்டீரியாவை வளர்த்தே எடுத்தன. வாங்குவதற்குப் பணமில்லாத, வணிகத் தடைக்கு ஆட்பட்ட கியூபாவில், ஹவானா பல்கலைக்கழகத்தின் விசென்டே வெரெஸ் பென்கோமோ, கனடா நாட்டு ரெனே ராயுடன் சேர்ந்து அந்தச் சர்க்கரையை முழுதும் ஆய்வகத்திலேயே செய்து புரதத்தோடு இணைத்தார். 2004-இல் அக்கட்டுரை வெளியாயிற்று. செயற்கைச் சர்க்கரையால் ஆன தடுப்பூசி மக்களுக்குப் போடப்பட்டது உலகில் அதுவே முதன்முறை. பணக்கார நாடுகளின் ஆய்வகங்களில் இதைச் செய்யும் அறிவு இருந்தது. அதைச் செய்தே தீர வேண்டிய தேவை கியூபாவுக்கு இருந்தது.

இயந்திரத்தைப் புகழ்ந்தே போவதும் நேர்மையன்று. இயந்திரம் கோக்கும், கோக்க வேண்டிய மணிகளைச் செய்யாது. மூடியிட்ட ஒவ்வொரு சர்க்கரைக் கண்ணியையும் செய்யப் பல படிகள் உண்டு. அந்த வேலை இன்றும் பெரும்பாலும் ஆய்வு மாணவர்களின் கையில்தான் இருக்கின்றது. கிடைக்கும் அளவும் பல வேளைகளில் மில்லிகிராம் கணக்கே. கழுவிக் கழுவி வடியும் கரைப்பானின் கழிவு மிகுதி. தோல் ஷாப்புக் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். எந்தப் புதிய தொழிலைப் பாராட்டும்போதும் அதன் கழிவு நீர் எங்கே போகின்றது, எவர் தெருவின் வழியே போகின்றது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பெரிய மூலக்கூறுகளுக்கு இயந்திரம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உள்ளது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சோகைக்குக் கொடுக்கும் எரித்ரோபொய்டின் 166 அமினோ அமிலங்களும் நான்கு சர்க்கரைக் கிளைகளும் கொண்டது. சாமுவேல் டேனிஷெப்ஸ்கியின் குழு அதனை ஆய்வகத்தில் கட்டி முடித்து 2013-இல் வெளியிட்டது. அதற்குப் பின்னால் இருந்தது பல்லாண்டுக் கால உழைப்பு.

மாணவர்களே, இத்துறைக்குள் நுழையும் வழியைச் சொல்லி அமர்கின்றோம். மேல்நிலை இரண்டாம் ஆண்டு வேதியியலில் 'உயிரியல் மூலக்கூறுகள்' என்றொரு பாடம் உண்டு. குளுக்கோசின் வளையமும் பெப்டைடுப் பிணைப்பும் அங்கேயே இருக்கின்றன. தேர்வுக்கு வரும் வினாக்களை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாதீர்கள். வளையத்தைத் தாளில் பத்து முறை வரைந்து, ஒவ்வொரு கொக்கியையும் எண்ணிட்டுப் பழகுங்கள். பி.எஸ்சி. வேதியியல் முடித்தோர் ஐ.ஐ.டி.களின் முதுகலைப் படிப்புக்கு ஜாம் என்னும் நுழைவுத் தேர்வை எழுதலாம். முதுகலைக்குப் பின் ஆய்வுக்குச் செல்வோர்க்கு நெட் தேர்வும், பட்டியல் இனத்தார்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் உள்ளன. விண்ணப்பத் தேதிகளை நாளிதழிலும் இணையத்திலும் தேடிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நாள்வரை தள்ளிப் போடாமல் முன்னரே வாங்கி வைத்திருங்கள். இந்த இரண்டு தாள்கள் இல்லாமல் நின்றுபோன கெட்டிக்காரப் பிள்ளைகளை நாம் அறிவோம்.

மெரிபீல்டின் நோபல் உரையையும் வாழ்க்கைக் குறிப்பையும் நோபல் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றது. ஆங்கிலம் கடினமாகத் தோன்றினால் ஞாயிறு காலையில் சங்க நூலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து அமர்ந்து அகராதியைப் புரட்டிப் படிப்போம். வேதியியல் ஆசிரியர் ஒருவரையும் அழைத்து வருகின்றோம்.